விடை தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள்: நிரல் எழுதப் பழக ஒரு முழு வழிகாட்டி

1 முதல் 100 வரை உள்ள எண்களைக் கூட்டினால் 5050. நிரல் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் தருவது இந்தக் கணக்கைத்தான். "விடைதான் தெரியுமே, அதுக்கு எதுக்கு நிரல்?" என்று கேட்பார்கள். விடை தெரியும் என்பதால்தான் அதைத் தருகிறேன்.

புதிதாகத் தொடங்குகிற ஒருவர் நேராக ஒரு விளையாட்டையோ இணையதளத்தையோ செய்ய உட்கார்ந்தால், ஏதோ ஒன்று ஓடும். சரியாக ஓடுகிறதா என்று அவருக்கே தெரியாது. கணக்கில் அந்தக் குழப்பம் இல்லை. 5050 வந்தால் சரி, 4950 வந்தால் தப்பு. பக்கத்தில் ஆசிரியர் இல்லாத வீட்டிலும் நள்ளிரவிலும் இந்தத் தீர்ப்பு கிடைக்கும். தனியாகக் கற்கிறவருக்கு இதைவிடப் பெரிய துணை எனக்குத் தெரிந்து வேறில்லை.

கணக்கு என்றாலே பயம் என்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இங்கே தேவைப்படுவது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி. ஏழாம் வகுப்பைத் தாண்டியது எதுவும் இல்லை.

தொடங்கும் முன்

ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில், ஒரு கணினி. கணினி இல்லையென்றால் கைப்பேசியின் உலாவியிலேயே பைத்தான் என்ற நிரல்மொழியை ஓட்டும் தளங்கள் இருக்கின்றன. கணினியை விட்டாலும் நோட்டை விடாதீர்கள். அது எதற்கு என்று மூன்றாம் படியில் புரியும்.

கீழே வரும் நிரல்களை எழில் மொழியில் எழுதியிருக்கிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய, பைத்தானின் மேல் கட்டப்பட்ட, கட்டளைகள் எல்லாம் தமிழிலேயே இருக்கும் நிரல்மொழி அது. ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டாமல் சிந்தனையை மட்டும் கவனிக்க முதல் சில வாரங்களுக்கு அது உதவும். பைத்தானிலேயே தொடங்க விரும்புகிறவர்கள் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொள்ளலாம்: பதிப்பி என்பது அங்கே பிரிண்ட், ஆனால் என்பது இஃப், இல்லை என்பது எல்ஸ், வரை என்பது வைல், நிரல்பாகம் என்பது டெஃப், பின்கொடு என்பது ரிட்டர்ன். எழிலில் ஒவ்வொரு தொகுதியும், அதாவது சேர்ந்து ஓடும் வரிகளின் கூட்டமும், முடி என்ற சொல்லில் முடியும். பைத்தானில் அந்தச் சொல் கிடையாது; தொகுதியின் முதல் வரிக்கடைசியில் முக்காற்புள்ளி வைத்து, உள்ளே வரும் வரிகளை இடம்விட்டுத் தள்ளி எழுத வேண்டும். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறியும் வேண்டும். எழிலில் நிபந்தனைக்கு முன் வரும் @ குறியும் அங்கே கிடையாது; இஃப், வைல் இரண்டும் நிபந்தனைக்கு முன்னால் வரும்.

படி 1: சமக்குறியை மறுபடி படியுங்கள்

க = 5
க = க + 1
பதிப்பி க

இதை ஓட்டினால் 6 வரும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். "க எப்படி க-வும் ஒண்ணும் ஆகும்? ரெண்டு பக்கமும் க-வை அடிச்சா 0 = 1 ஆயிடுமே!" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்கு நோட்டில் சமக்குறி ஒரு தராசு. இரண்டு தட்டும் சமம் என்று சொல்கிறது. நிரலில் அது ஒரு கட்டளை. வலப்பக்கத்தை முதலில் கணக்கிடு, வந்த மதிப்பை இடப்பக்கத்துப் பெயரில் வை என்று பொருள்.

நான் வாய்விட்டுப் படிக்கச் சொல்வது இப்படி: "க இனிமேல், இப்போதிருக்கும் க-வோடு ஒன்று சேர்ந்தது ஆகட்டும்." அந்த 'ஆகட்டும்' உள்ளே வந்துவிட்டால் குழப்பம் போய்விடும். இரண்டும் சமமா என்று கேட்க வேண்டிய இடத்தில் இரட்டைச் சமக்குறி வரும்: க == 6. ஒற்றை வைப்பது, இரட்டை கேட்பது. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படி 2: மீதியைக் கையாளப் பழகுங்கள்

வகுத்தலில் நாம் ஓரமாக எழுதிவிட்டு மறந்துவிடும் மீதிதான் நிரலில் அதிகம் உழைக்கிறது. 17 % 5 என்றால் 17-ஐ 5-ஆல் வகுத்த மீதி, 2. இரண்டால் வகுத்து மீதி 0 என்றால் இரட்டைப்படை. இரவு 22 மணிக்குப் புறப்படும் பேருந்து 9 மணி நேரம் ஓடினால் (22 + 9) % 24, காலை 7 மணி. இன்று செவ்வாய்க்கிழமை, 100 நாள் கழித்து என்ன கிழமை? 100 % 7 = 2, ஆகவே வியாழன். சுற்றிச் சுற்றி வரும் எதையும் இந்தக் குறி பிடித்துவிடும்.

இதோடு நிபந்தனையையும் சேர்த்துப் பழக லீப் ஆண்டைவிட நல்ல பயிற்சி இல்லை. 4-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு என்று மட்டும் தெரிந்துவைத்திருப்போம். 100-ஆல் வகுபட்டால் அது லீப் ஆண்டு ஆகாது. 400-ஆல் வகுபட்டால் மறுபடி ஆகும்.

ஆண்டு = 1900
@(ஆண்டு % 400 == 0) ஆனால்
    பதிப்பி "லீப் ஆண்டு"
இல்லை
    @(ஆண்டு % 100 == 0) ஆனால்
        பதிப்பி "சாதாரண ஆண்டு"
    இல்லை
        @(ஆண்டு % 4 == 0) ஆனால்
            பதிப்பி "லீப் ஆண்டு"
        இல்லை
            பதிப்பி "சாதாரண ஆண்டு"
        முடி
    முடி
முடி

ஓட்டிப் பார்க்க நான்கு ஆண்டுகள் போதும்: 2023, 2024, 1900, 2000. நான்கும் நான்கு வழியில் போகும். 2024-ஐ மட்டும் போட்டுப் பார்த்து "வேலை செய்கிறது" என்று எழுந்து போகிறவர், மற்ற மூன்று வழிகளையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நிரலில் எத்தனை கிளைகளோ அத்தனை சோதனை எண்கள் வேண்டும். பிறகு 4-ஆல் வகுக்கும் கேள்வியை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோய் வைத்து ஓட்டிப் பாருங்கள். 1900 லீப் ஆண்டு என்று வரும். கேள்விகளின் வரிசை எவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரியும்.

படி 3: நூறு வரை கூட்டல்

இந்தப் படியில் ஒரு வாரம்கூட இருக்கலாம். அவசரம் வேண்டாம்.

மொத்தம் = 0
க = 1
@(க <= 100) வரை
    மொத்தம் = மொத்தம் + க
    க = க + 1
முடி
பதிப்பி மொத்தம்

க 100-ஐத் தாண்டாத வரை உள்ளே இருக்கும் வரிகள் திரும்பத் திரும்ப ஓடும். இப்படிச் சுற்றும் பகுதிக்கு மடக்கு என்று பெயர். இதை ஓட்டுவதற்கு முன் நோட்டை எடுங்கள். 100-ஐ 5 ஆக மாற்றிக்கொண்டு, நீங்களே கணினியாக இருந்து வரிவரியாகச் செய்யுங்கள். இரண்டு பத்திகள்: ஒன்றில் க, மற்றதில் மொத்தம். க 1 ஆக இருக்கும்போது மொத்தம் 1. க 2, மொத்தம் 3. க 3, மொத்தம் 6. க 4, மொத்தம் 10. க 5, மொத்தம் 15. க 6 ஆனதும் 6 <= 5 பொய்; வெளியே வந்தாயிற்று. இப்படிக் கையால் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் ஒன்று போதும், பாதிப் பிழைகள் திரையைத் தொடும் முன்பே தெரிந்துவிடும்.

போன மே மாத விடுமுறைக்கு அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. இதே நிரலை, ஒவ்வொரு சுற்றிலும் மொத்தத்தைப் பதிப்பிக்கும்படி எழுதி ஓட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடி வந்தாள். "சித்தி, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு போல, நிக்கவே மாட்டேங்குது!" போய்ப் பார்த்தால் திரை முழுக்க 1, 2, 3 என்று எண்கள் ஆயிரக்கணக்கில் மேலே ஓடிக்கொண்டிருந்தன. "கெடல கண்ணு. நீ நிறுத்தச் சொல்லல, அவ்வளவுதான். கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்து" என்றேன். நின்றது. "இப்ப அந்த எண்களைப் பாரு. மூணாவது சுற்றுல என்ன வரணும்?" நோட்டைப் பார்த்தாள். "ஆறு. ஆனா மூணு வந்திருக்கு." கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "ஒவ்வொரு தடவையும் ஒண்ணுதான் கூடுது... அப்ப க மாறவே இல்ல. க = க + 1 போட மறந்துட்டேன், சித்தி." நான் நிரலைத் தொடவே இல்லை. பிழையைச் சொன்னது அந்த எண்கள்தான்.

தப்பான விடையைப் பார்த்ததும் அழித்துவிட்டு மறுபடி எழுதத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். எவ்வளவு பிசகுகிறது என்று முதலில் கழித்துப் பாருங்கள். இந்த ஒரு கணக்கிலேயே அது எப்படி வழிகாட்டுகிறது என்று காட்டுகிறேன்.

4950 வந்தால், சரியாக 100 குறைகிறது. கடைசி எண் விட்டுப்போயிருக்கிறது; <= போட வேண்டிய இடத்தில் < போட்டிருப்பீர்கள். 5049 வந்தால் ஒன்று குறைகிறது. க-வை 2-இல் தொடங்கியிருப்பீர்கள். 5150 வந்தால் 100 கூடுதல். இது கொஞ்சம் சிக்கல்: உள்ளே இருக்கும் இரண்டு வரிகளின் வரிசை மாறியிருக்கும். முதலில் க-வை ஏற்றிவிட்டுப் பிறகு கூட்டியதால் 1 விட்டுப்போய் 101 உள்ளே வந்துவிட்டது. வெறும் 100 என்று வந்தால், மொத்தம் = 0 என்ற வரி மடக்குக்கு உள்ளே போயிருக்கிறது; ஒவ்வொரு சுற்றிலும் சேர்த்ததைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறது.

நான்கு தவறுகள், நான்கு வெவ்வேறு எண்கள். இவை நான்கையும் வேண்டுமென்றே செய்து பாருங்கள். வேலைக்குப் போன பிறகு பத்தாயிரம் வரி நிரலிலும் இதே நான்கு தவறுகள்தான் வேறு வேடத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். பின்னாளில் கணித மேதையான கௌஸ் சிறுவனாக இருந்தபோது வகுப்பறையில் நொடியில் சொன்னான் என்று கதையாகச் சொல்லப்படும் முறை: 1-உம் 100-உம் 101, 2-உம் 99-உம் 101, இப்படி 50 ஜோடிகள். ஆக 50 × 101 = 5050. 100-க்குப் பதில் 2,345 வரை கூட்டச் சொன்னால் விடை உங்களுக்கு மனப்பாடமாக இருக்காது. மடக்கு ஒரு விடை தரட்டும், ந × (ந + 1) / 2 என்ற சூத்திரம் ஒரு விடை தரட்டும். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

பயிற்சிகள்: 100 வரை ஒற்றைப்படை எண்களை மட்டும் கூட்டுங்கள், 2500 வர வேண்டும். இரட்டைப்படைக்கு 2550. இரண்டையும் கூட்டினால் பழைய 5050. வர்க்கங்களின் கூட்டல் 3,38,350. கனங்களின் கூட்டல் 2,55,02,500. அது 5050-இன் வர்க்கம் என்பதைக் கண்டதும் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான். பிறகு கூட்டலுக்குப் பதில் பெருக்கல், 1 முதல் 10 வரை: 36,28,800. விடை 0 என்று வந்தால், கூட்டல் பழக்கத்தில் 0-இல் தொடங்கியிருக்கிறீர்கள். பெருக்கல் 1-இல் தொடங்க வேண்டும்.

படி 4: பகா எண்ணும் நிரல்பாகமும்

91 பகா எண்ணா? பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 7 × 13 = 91. கண்ணை நம்பாமல் நிரலைக் கேட்போம். பகா எண் என்றால் இரண்டே இரண்டு வகுத்திகள் கொண்டது. அந்த வரையறையை அப்படியே எழுதுங்கள்:

நிரல்பாகம் வகுத்திகள்(ந)
    எண்ணிக்கை = 0
    க = 1
    @(க <= ந) வரை
        @(ந % க == 0) ஆனால்
            எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
        முடி
        க = க + 1
    முடி
    பின்கொடு எண்ணிக்கை
முடி

பதிப்பி வகுத்திகள்(91)

நிரல்பாகம் என்பது ஒரு வேலைக்குப் பெயர் வைப்பது. இனி வகுத்திகள்(91) என்றாலே போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் நினைக்க வேண்டாம். 4 வந்தது: 1, 7, 13, 91. 97-க்கு 2 வரும். 1-க்கு 1 வரும். ஆகவே 1 பகா எண் இல்லை என்பது தனியாகச் சொல்லாமலேயே கிடைத்துவிட்டது. வரையறையை ஒட்டி எழுதினால் இந்த லாபம் உண்டு.

இதை வைத்து 100 வரை எத்தனை பகா எண்கள் என்று எண்ணுங்கள். 25 வர வேண்டும். 1000 வரை 168.

இப்போது வேகம். 997-ஐச் சோதிக்க 997 தடவை வகுத்துப் பார்க்க வேண்டுமா? ஒரு எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் அதில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 31 × 31 = 961, 32 × 32 = 1024. ஆகவே 2 முதல் 31 வரை 30 எண்களை மட்டும் பார்த்தால் போதும்.

நிரல்பாகம் பகாவா(ந)
    @(ந < 2) ஆனால்
        பின்கொடு 0
    முடி
    க = 2
    @(க * க <= ந) வரை
        @(ந % க == 0) ஆனால்
            பின்கொடு 0
        முடி
        க = க + 1
    முடி
    பின்கொடு 1
முடி

1 வந்தால் பகா எண், 0 வந்தால் இல்லை. வேகமான நிரல் மெதுவான நிரலின் விடையையே தர வேண்டும். 25-உம் 168-உம் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். 100 வரை 29 என்று வந்தால் <= க்குப் பதில் < விழுந்திருக்கிறது. கூடுதலாக நுழைந்த நான்கும் யார் தெரியுமா? 4, 9, 25, 49. பகா எண்களின் வர்க்கங்கள். பிழை தன் பெயரை எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறது.

கூடவே செய்ய ஒன்று: தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் தனக்கே சமமாக வரும் எண்கள். 28 = 1 + 2 + 4 + 7 + 14. 10,000 வரை தேடினால் 6, 28, 496, 8128 என நான்கே கிடைக்கும். 28-க்கு 56 வந்தால் அந்த எண்ணையும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள்.

படி 5: தரைக்கு டைல்ஸ்

330 செ.மீ. நீளம், 270 செ.மீ. அகலம் உள்ள அறை. ஒரு டைல்ஸைக்கூட வெட்டாமல் சதுர டைல்ஸ் பாவ வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு பெரிய டைல்ஸ் போடலாம்? மீப்பெரு பொது வகுத்தியைக் கேட்கிறது இந்தக் கணக்கு. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதி வைத்த வழி இன்றும் மாறவில்லை (!= என்றால் 'சமமில்லை'):

அ = 330
ஆ = 270
@(ஆ != 0) வரை
    மீதி = அ % ஆ
    அ = ஆ
    ஆ = மீதி
முடி
பதிப்பி அ

நோட்டில்: 330-ஐ 270-ஆல் வகுத்தால் மீதி 60. 270-ஐ 60-ஆல் வகுத்தால் மீதி 30. 60-ஐ 30-ஆல் வகுத்தால் மீதி 0. விடை 30. ஒரு பக்கம் 11, மறுபக்கம் 9, மொத்தம் 99 டைல்ஸ்.

மீதி என்ற மூன்றாவது பெயர் எதற்கு, நேராக அ = ஆ, பிறகு ஆ = அ % ஆ என்று எழுதினால் என்ன என்று தோன்றும். எழுதிப் பாருங்கள், 270 வரும். முதல் வரியிலேயே அ-வின் பழைய மதிப்பு போய்விட்டது. அடுத்த வரி 270-ஐ 270-ஆலேயே வகுக்கிறது. ஒரு டம்ளரில் பால், இன்னொன்றில் மோர். இரண்டையும் இடம்மாற்ற மூன்றாவது டம்ளர் இல்லாமல் முடியாது.

படி 6: இலக்கங்களைப் பிரித்தல்

ஒரு எண்ணின் கடைசி இலக்கம் வேண்டுமா, 10-ஆல் வகுத்த மீதி. மிச்ச இலக்கங்கள் வேண்டுமா, அந்த மீதியைக் கழித்துவிட்டு 10-ஆல் வகு.

ந = 1729
கூட்டுத்தொகை = 0
@(ந > 0) வரை
    இலக்கம் = ந % 10
    கூட்டுத்தொகை = கூட்டுத்தொகை + இலக்கம்
    ந = (ந - இலக்கம்) / 10
முடி
பதிப்பி கூட்டுத்தொகை

1 + 7 + 2 + 9 = 19. பைத்தானில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒற்றைச் சாய்கோடு எப்போதும் தசம எண் தரும், 7 / 2 என்றால் 3.5. இரட்டைச் சாய்கோடு போட்டால் முழு எண்ணாக 3 கிடைக்கும். இலக்கக் கணக்குகளுக்கு இரட்டைதான் வேண்டும். தசமங்களைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளியே வையுங்கள். பைத்தானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 என்று வரும். கணினி எண்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில், வைத்திருப்பதால் 0.1 அதற்குள் முழுசாக அடங்குவதில்லை. பணக் கணக்கு எழுதினால் ரூபாயில் எழுதாமல் பைசாவில் முழு எண்ணாக எழுதுங்கள்.

இலக்கம் பிரிக்கத் தெரிந்துவிட்டால் வீட்டு அலமாரியில் ஒரு பயிற்சி காத்திருக்கிறது. ஏதாவது புத்தகத்தின் பின்னட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். 10-ஆல் வகுத்தால் மீதி 0 வர வேண்டும். கடைசி இலக்கத்தை அதற்காகவே சேர்த்திருக்கிறார்கள். வேண்டுமென்றே ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டுங்கள். மீதி 0 வராது. கடைக்காரரின் கணினி தப்பான எண்ணைத் திருப்பி அனுப்புவது இப்படித்தான்.

அடுத்தது, மகாராஷ்டிராவில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949-இல் கண்ட விந்தை. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுங்கள், 2024 என்று வைப்போம். இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கினால் 4220, ஏறுவரிசையில் 0224. கழித்தால் 3996. மறுபடி: 9963 - 3699 = 6264. மறுபடி: 6642 - 2466 = 4176. மறுபடி: 7641 - 1467 = 6174. இனி எத்தனை தடவை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு தடவைக்குள் அங்கே வந்து சேர்ந்துவிடும். 1000 முதல் 9999 வரை, 1111 போன்றவற்றை மட்டும் விட்டுவிட்டு, எல்லா எண்ணையும் நிரல் ஓட்டிச் சரிபாருங்கள். இடையில் 999 போல மூன்றிலக்கம் வந்தால் முன்னால் 0 சேர்த்து 0999 என்று கொள்ள வேண்டும். இந்த இடத்தில் எல்லோருக்கும் நிரல் ஒருமுறை தடுமாறும், தடுமாறட்டும்.

படி 7: 1729-ஐத் தேடிப் பிடியுங்கள்

லண்டனில் புட்னியில் நோயுற்றுப் படுத்திருந்த கணித மேதை ராமானுஜனைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729, அதில் சுவையாக ஒன்றுமில்லை என்றார். இல்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களிலேயே மிகச் சிறியது அதுதான் என்றார் ராமானுஜன். படுக்கையில் இருந்தபடி அவர் சொன்னதை நாம் மடக்குக்குள் மடக்கு வைத்துத் தேடுவோம். 13-இன் கனம் 2197, ஆகவே 2000 வரை தேட 12 போதும்.

ந = 1
@(ந <= 2000) வரை
    ஜோடி = 0
    அ = 1
    @(அ <= 12) வரை
        ஆ = அ
        @(ஆ <= 12) வரை
            @(அ * அ * அ + ஆ * ஆ * ஆ == ந) ஆனால்
                ஜோடி = ஜோடி + 1
            முடி
            ஆ = ஆ + 1
        முடி
        அ = அ + 1
    முடி
    @(ஜோடி == 2) ஆனால்
        பதிப்பி ந
    முடி
    ந = ந + 1
முடி

ஒரே ஒரு எண் வரும். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். இந்த எண் தானாகத் திரையில் வந்து நிற்பதைப் பார்த்தபோது அக்கா மகள் எழுந்து போய் அவள் அம்மாவைக் கூப்பிட்டு வந்தாள்.

ஆ = அ என்று ஏன் தொடங்கினோம்? ஆ = 1 என்று மாற்றிப் பாருங்கள். முதலில் 9 வரும், 1729 வரவே வராது. 1-உம் 2-உம், 2-உம் 1-உம் என ஒரே ஜோடி இரண்டு தடவை எண்ணப்படுவதால் 9 உள்ளே வந்துவிட்டது. 1729-க்கு அதே காரணத்தால் நான்கு ஆகி வெளியே போய்விட்டது. எத்தனை சோதனை நடக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள்: ஒரு ந-வுக்கு 78 ஜோடிகள், 2000-க்கு 1,56,000. அடுத்த எண் 4104. அதைப் பிடிக்க எந்தெந்த எல்லையை உயர்த்த வேண்டும் என்பது உங்கள் வேலை. இன்னொன்று, போன படியில் 1729-இன் இலக்கக் கூட்டல் 19 என்று கண்டோம். 19 × 91 = 1729. தன் இலக்கக் கூட்டலால் வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் என்று பெயர் வைத்தவர் அதே கப்ரேகர்.

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு 2001 முதல் இருந்துவரும் புராஜெக்ட் ஆய்லர் தளம் தயாராகக் காத்திருக்கிறது. அதன் முதல் கணக்கு, 1000-க்குக் குறைவான எண்களில் 3-ஆலோ 5-ஆலோ வகுபடுபவற்றைக் கூட்டுவது. 15-ஐ இரண்டு தடவை கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விடையை வேறெங்கும் தேடவோ, செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பயன்படுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. முதல் அரை மணி நேரம் நோட்டும் நீங்களும் மட்டும் இருங்கள். கற்பது எல்லாம் அந்த அரை மணியில்தான் நடக்கிறது.

படி 8: 27-இன் பயணம்

1937-இல் ஜெர்மன் கணித அறிஞர் லோதார் கொல்லாட்ஸ் எழுப்பிய கேள்வி இது. எண் இரட்டைப்படையானால் பாதியாக்கு; ஒற்றைப்படையானால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. 6-இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1. எட்டுப் படியில் 1-க்கு வந்துவிட்டது. எல்லா எண்ணும் இப்படி 1-க்கு வருமா என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. அதாவது, நீங்கள் எழுதப்போகும் இந்தச் சிறிய நிரலின் மடக்கு எல்லா எண்ணுக்கும் நிற்குமா என்று உலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ந = 27
படிகள் = 0
@(ந != 1) வரை
    @(ந % 2 == 0) ஆனால்
        ந = ந / 2
    இல்லை
        ந = 3 * ந + 1
    முடி
    படிகள் = படிகள் + 1
முடி
பதிப்பி படிகள்

ஓட்டுவதற்கு முன் 6-ஐப் போட்டு 8 வருகிறதா என்று பாருங்கள். பிறகு 27. இந்தச் சின்ன எண் 9232 வரை ஏறி, இறங்கி, 111 படியில்தான் 1-ஐத் தொடும். வழியில் தொட்ட உயரத்தையும் காட்டும்படி ஒரு மாறி, அதாவது மதிப்பை வைக்க இன்னொரு பெயர், சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக, இதை ஒரு நிரல்பாகமாக மாற்றி, 100-க்குள் எந்த எண் அதிகப் படிகள் எடுக்கிறது என்று தேடுங்கள். 97 என்று வர வேண்டும், 118 படிகள். 97 சரியாக வந்து படிகள் மட்டும் 119 என்று காட்டினால், தொடங்கிய எண்ணையும் ஒரு படியாக எண்ணியிருக்கிறீர்கள்.